உருண்டையா, சதுரமா

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சிஷ்யைக்கு நாற்பத்தொன்பது.

கோவை ஆவாரம்பாளையத்துப் பட்டறைத் தெருவில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. வேலை தெரிந்தவர் சொல்லுவார், தெரியாதவர் கேட்டுக்கொள்ளுவார். அவ்வளவுதான் அங்கே வழக்கம்.

குருவின் பெயர் ஜெசிந்தா. பழுதான மெஷின்களைப் பிரித்து, சரிசெய்து, திரும்பப் பூட்டுவது அவள் தொழில். கையில் ஸ்பானர் இருக்கும்போது பேச மாட்டாள். கையில் ஸ்பானர் இல்லாத நேரம் குறைவு.

சிஷ்யை துளசிமணி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நஞ்சப்பனின் பேட்டர்ன் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் உரசும் வேலை பார்த்தவள்.

பேட்டர்ன் என்பது மரத்தில் செய்த உருவம். ஃபவுண்டரியில் அதை மணலில் பதித்து எடுத்து, பதிந்த பள்ளத்தில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். மரத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடு இருந்தால் இரும்பில் கண்ணை உறுத்தும். ஆசாரி செதுக்கித் தந்ததை உப்புத்தாளால் உரசி உரசி அந்த மேட்டை ஒழிப்பதுதான் துளசிமணியின் வேலை.

போன தை மாதம் நஞ்சப்பன் மரம் குடையும் சிஎன்சி மெஷின் ஒன்றைப் பட்டறையில் இறக்கினார். கம்ப்யூட்டர் சொல்கிறபடி அது தானே செதுக்கும். உரசும் பெண்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு, இனி வரவேண்டாம் என்றார்.

மற்ற ஐந்து பேரும் அழுதார்கள். துளசிமணி கேட்டாள்.

"அந்த மெஷினை ஓட்ட எனக்குச் சொல்லிக் குடுங்க மொதலாளி."

நஞ்சப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எட்டாங்கிளாஸ் படிச்சவ மெஷின் ஓட்டறதா? வேணும்னா கூட்டிப் பெருக்கிட்டு ஒரு ஓரமா இரு."

துளசிமணி மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுத்து வந்து அவர் மேசைமேல் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

ஓட்ட விடவில்லையென்றால் போகட்டும். கட்டிக்கொள்கிறேன் என்று அன்றைக்கே ஜெசிந்தாவிடம் வந்து நின்றாள்.

"என்ன கட்டப் போறீங்க?"

"அதே மெஷினுங்க, அம்மிணி."

ஜெசிந்தா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த பழைய மெஷினைக் காட்டினாள். "இதைப் பிரிங்க. எந்த போல்ட் எங்கிருந்து வந்ததுன்னு ஞாபகம் வெச்சுக்குங்க. நாளைக்குத் திரும்பப் பூட்டணும்."

ஆறு மாதம் இப்படியே போனது.

இப்போது துளசிமணியின் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகர ஷெட்டில் ஒரு மெஷின் முக்கால்வாசி நின்றது. கால்களும் மேசையும் இரும்புக் குழாயில் அவளே பற்றவைத்தவை. மோட்டார்களும் அவற்றை ஆட்டிவைக்கும் பெட்டியும் ஜெசிந்தா தேடித் தந்தவை. வெட்டும் மோட்டார், மேசைக்கு மேலே குறுக்காக நிற்கும் ஒரு இரும்புப் பாலத்தில் தொங்கியது. அது குறுக்கே ஓடியது, மேலும் கீழும் இறங்கி ஏறியது. நீளவாக்கில் பாலமே ஓடுவதுதான் மிச்சம். அதற்கு மேசையின் இரண்டு ஓரத்திலும் இரும்பு ரயில் பதிக்க வேண்டும். ரயில்மேல் பேரிங் பிளாக் ஏறும். பிளாக்மேல் பாலம் உட்காரும்.

ஃபவுண்டரி சூப்பர்வைசர் ரத்தினவேல் அவள் வேலையைப் பல வருஷமாக அறிந்தவர். "அடுத்த வெள்ளிக்கிழமை வாரேன். என் கண்ணு முன்னாடி ஒரு பேட்டர்ன் வெட்டிக் காட்டுங்க. சரியா இருந்தா எங்க பம்ப் பேட்டர்ன் பூராவும் உங்களுக்கு. இல்லீன்னா நஞ்சப்பனுக்கு எழுதிக் குடுத்துருவேன். அதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாது" என்று சொல்லியிருந்தார்.

துளசிமணிக்குக் கவலைப்படாமல் ஒரு வேலையும் ஓடாது. மழை வந்தால் ஷெட் ஒழுகுமே என்று கவலைப்பட்டாள். வெள்ளிக்கிழமை கரண்ட் போய்விடுமோ என்று கவலைப்பட்டாள். ஒரு மாதமாக அவள் தூக்கத்தைக் கெடுத்த கவலை இவற்றில் எதுவும் இல்லை. அதைக் கேட்கத்தான் அன்று காலையில் வந்திருந்தாள்.

"அம்மிணி, எந்த ரயில் வாங்கட்டுங்க? உருண்டையா, சதுரமா?"

ஜெசிந்தா ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

அலமாரியிலிருந்து இரண்டு உருண்டை ரயில் துண்டுகளை எடுத்தாள். உருட்டுக் கம்பி, அடியில் ஒரு தாங்கி. இரண்டையும் பலகையில் பக்கம் பக்கமாகப் பதித்து, பிளாக்குகளை ஏற்றி, மேலே ஒரு தகட்டைப் பூட்டினாள். தள்ளினாள். ஓடியது. சுவரிலிருந்த காலண்டரில் நேற்றைய தேதியைக் கிழித்து நாலாக மடித்து, ஒரு ரயிலுக்கு அடியில் செருகி இறுக்கினாள். மறுபடி தள்ளினாள். அப்போதும் ஓடியது.

பிறகு சதுர ரயில் துண்டுகளை எடுத்தாள். அதேபோல் பதித்தாள், அதேபோல் தகட்டைப் பூட்டினாள். தள்ளினாள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் ஓடியது. அதே தாளை அடியில் செருகி இறுக்கினாள். தள்ளினாள். தகடு முக்கி நின்றுவிட்டது.

"உருண்டை மன்னிக்கும், சதுரம் மன்னிக்காது. நீங்க கையால பத்தவெச்ச மேசை. உருண்டை வாங்குங்கக்கா."

துளசிமணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். உருண்டை ரயிலின் தகட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தாள். சதுரத்தின் தகட்டையும் ஆட்டினாள். சதுரம் அசையவில்லை.

"உருண்டை ஆடுதுங்களே."

"கொஞ்சம் ஆடும்."

"எவ்வளவுங்க?"

"ஒரு தலைமுடி கனம். பாரம் ஏறினா ரெண்டு தலைமுடி."

"மரத்துல ரெண்டு தலைமுடி ஆடினா பேட்டர்ன் வரிவரியா வரும். அதை உரச ஒரு ஆள் வேணும்."

"வேணும்."

"சதுரத்துல?"

"மேசை சரியா இருந்தா வேண்டாம். மேசை சரியில்லன்னா மெஷினே ஓடாது."

துளசிமணி எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"எனக்கு மன்னிப்பு வேண்டாமுங்க அம்மிணி."

ஜெசிந்தா கோபப்படவில்லை. "சரி. அப்போ நான் உங்க மெஷினைத் தொட மாட்டேன். எல்லாத்தையும் நீங்களே பூட்டணும்" என்றாள்.

"பூட்டறனுங்க."

மறுநாள் துளசிமணி சதுர ரயில் இரண்டும் பிளாக் நான்கும் வாங்கி வந்தாள். ஒவ்வொரு பிளாக்கின் வயிற்றிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் கட்டை ஒன்று செருகியிருந்தது. பிளாக்கை ரயிலில் ஏற்றியதும் கட்டை வெளியே வந்து விழுந்தது. பேக்கிங் சாமான் என்று நினைத்தாள். ஷெட்டின் தகரக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். நான்கு கட்டையையும் கதவுச் சந்தில் ஆப்பாக அடித்தாள். கதவு அடங்கிவிட்டது. அதில் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த நாள் ஒரு பிளாக்கில் அழுக்கு இருப்பதுபோல் தோன்றியது. துடைக்கலாம் என்று ரயிலிலிருந்து உருவினாள்.

பிளாக்கின் உள்ளேயிருந்த குண்டுகள் அத்தனையும் கடுகு கொட்டியதுபோல் தரையில் தெறித்து ஓடின.

துளசிமணி தரையில் மண்டியிட்டாள். மரத்தூளிலும் பலகைக்கு அடியிலும் தேடினாள். பழைய ரேடியோவிலிருந்த காந்தத்தைக் கட்டி இழுத்துத் தேடினாள். கிடைத்ததையெல்லாம் கிண்ணத்தில் போட்டுவிட்டு போனை எடுத்தாள்.

"அம்மிணி, பிளாக்ல இருந்த குண்டெல்லாம் கொட்டிப் போச்சுங்க."

"வெள்ளைக் கட்டையைச் செருகிட்டுத்தானே உருவுனீங்க?"

துளசிமணி கதவைப் பார்த்தாள்.

"கட்டை கதவுல இருக்குதுங்க."

ஜெசிந்தா சிரிப்பை அடக்குகிறாள் என்று துளசிமணிக்குத் தெரிந்தது.

"எத்தனை குண்டு இருக்கு?"

"அறுபத்தாறுங்க."

"மொத்தம் எத்தனை இருந்துச்சு?"

"தெரியலீங்க. அது எப்படித் தெரியும்?"

"இன்னொரு பிளாக்கை உருவி எண்ணினா தெரியும்."

துளசிமணி மீதி மூன்று பிளாக்குகளைப் பார்த்தாள். நன்றாக இருந்தவை. தொட்டால் வழுக்கிக்கொண்டு ஓடுபவை. கொட்டினதைக் கொட்டாததாக ஆக்கக் கொட்டாததையும் கொட்டவேண்டுமாம்.

"உருவட்டுங்களா?"

"உங்க மெஷின்."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

துளசிமணி சமையலறையிலிருந்து விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளத்தைக் கொண்டுவந்தாள். ரயில் முனைக்கு அடியில் பிடித்தாள். சாமியைக் கும்பிட்டாள், நஞ்சப்பனைத் திட்டினாள், நல்ல பிளாக்கை உருவினாள். தாம்பாளத்தில் சடசடவென்று மழை பெய்தது.

எண்ணினாள். அறுபத்தெட்டு. இரண்டாம் முறை எண்ணினாள். அறுபத்தெட்டுதான்.

ஆக, இரண்டு காணவில்லை. ஒன்று விளக்குமாற்றுக்குள் மாட்டியிருந்தது. மற்றதை மத்தியானம் வரைக்கும் தேடினாள். சலித்து எழுந்து சேலையை உதறியபோது கொசுவத்திலிருந்து டக்கென்று விழுந்தது.

கிரீஸைத் தடவி, கொண்டை ஊசி நுனியால் ஒவ்வொரு குண்டாகப் பிளாக்குக்குள் ஒட்டவைத்தாள். நூற்று முப்பத்தாறு குண்டு. வேலை முடியும்போது பிளாக்கின் வயிற்றுக்குள் எது எங்கே ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள்.

கதவிலிருந்து நான்கு கட்டையையும் பிடுங்கிக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். கதவு மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் இரண்டு ரயிலும் மேசைமேல் இருந்தன. நூல் பிடித்து, ஸ்கேல் வைத்து, மேடுபள்ளத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை ஜெசிந்தாவிடம் இரவல் வாங்கி அளந்து, எல்லா போல்ட்டையும் இறுக்கியிருந்தாள். நேர்கோட்டுக்கு நேர்கோடு. பாலத்தை ஏற்றினாள். தள்ளினாள்.

பாலம் பாதி தூரம் ஓடி, நடு மேசையில் நின்றது.

இரண்டு கையாலும் தள்ளினாள். மேசையே நகர்ந்தது. பாலம் நகரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு நஞ்சப்பன் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் கார் சாவி.

"ஏம்மா துளசி, மெஷின் கட்டறயாமே? ஊரே பேசுது."

துளசிமணி ஸ்பானரைத் துடைத்தாள்.

அவர் பாலத்தை ஒரு கையால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"சதுர ரயிலா? உனக்கெதுக்கும்மா இது? அந்த ஜெசிந்தா புள்ளைகிட்ட நானும்தான் யோசனை கேட்டேன். உருண்டை வெச்ச மெஷின் எடுங்கன்னா. சரின்னு எடுத்தேன். எனக்கு ஓடுதில்ல?"

துளசிமணிக்குச் சுருக்கென்றது. தனக்குச் சொன்னதைத்தான் அவருக்கும் சொல்லியிருக்கிறாள்.

"ஓடுதுங்களே. அப்புறம் என்னுங்க இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க?"

நஞ்சப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பேட்டர்ன் கொஞ்சம் வரிவரியா வருது. பெருசா ஒண்ணுமில்ல. நீ வந்து உரசிக் குடுத்தீன்னா சரியாப் போயிரும். பழையபடி வேலைக்கு வந்துரு. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே."

துளசிமணி ஒரு நிமிஷம் கணக்குப் போட்டாள். நாளைக்கு ரத்தினவேல் வருவார். பாலம் நடுவில் நிற்கிறது. இவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். தலையை ஆட்டினால் போதும். திங்கட்கிழமை அதே உப்புத்தாள், அதே ஸ்டூல்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க மொதலாளி. நாளைக்கு வந்து கேளுங்க."

"நாளைக்கு மட்டும் இது ஓடிருமா?"

"ஓடலீன்னா அந்த விளக்குமாத்தையும் கையோட கொண்டாங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார்.

மத்தியானம் ஜெசிந்தா வந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு மெஷினைச் சுற்றி வந்தாள்.

"ரெண்டு ரயிலையும் நேரா வெச்சு இறுக்கினீங்களா?"

"நூல் பிடிச்சு வெச்சனுங்க."

"ஒண்ணை மட்டும் விடுங்க. இன்னொண்ணைப் பூரா தளர்த்துங்க."

"ஒரு நாள் பூரா அளந்து இறுக்கினதுங்களே!"

"தளர்த்துங்க."

துளசிமணி ஒரு பக்கத்து ரயிலின் போல்ட்டுகளையெல்லாம் தளர்த்தினாள். பாலத்தைத் தள்ளினாள். முன்னைவிடச் சுலபமாக ஓடியது. ஆனாலும் நடு மேசைக்கு வந்ததும் முக்கி நின்றது.

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். "ரயில்ல குத்தமில்ல. அடியில இரும்பு மேடா இருக்கு. பத்தவெச்ச சூட்டுல தூக்கியிருக்கும்."

"டயல் ஒண்ணும் காட்டலீங்களே."

"டயலை எது மேல வெச்சீங்க?"

"மேசை மேல..." என்றவள் நிறுத்தினாள். டயலும் அதே மேட்டில் ஏறி நின்றுகொண்டுதானே அளந்திருக்கிறது.

"இப்ப என்னுங்க பண்றது?"

"மேசையைத் தூக்கிட்டுப் போய் பெரிய மெஷின்ல குடுத்து சீவணும். ஒரு வாரம் ஆகும்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க."

"அப்போ உருண்டை ரயில். கடை திறந்திருக்கு. இப்பவே போனா சாயங்காலத்துக்குள்ள மாட்டிடலாம். நாளைக்கு மெஷின் ஓடும்."

"வரி விழுமில்லீங்க?"

"விழும். உரசிக்கலாம். உங்களுக்கு உரசத் தெரியாதா?"

துளசிமணி தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். உரசி உரசி ரேகை தேய்ந்த கைகள். ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் ஆளே இல்லை என்று சொல்லும். அதற்காக மாதாமாதம் வரிசையில் நின்று எல்லாரிடமும் பேச்சு வாங்குபவள்.

"தெரியுமுங்க" என்றாள். "ஆனா மரத்தை உரச மாட்டேன்."

பாலத்தைத் தூக்கி இறக்கினாள். தளர்த்திய ரயிலைக் கழற்றினாள். இந்தத் தடவை வெள்ளைக் கட்டைகளைச் செருகியே பிளாக்குகளை உருவினாள். மேசையின் வெற்று இரும்பு தெரிந்தது.

வீட்டுக்குள் போய்ப் பழைய வேட்டித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். இரும்பின்மேல் சுருக்கமில்லாமல் விரித்தாள். துணிமேல் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மெல்ல இழுத்தாள்.

உரசும் பெண்களின் வழக்கம் அது. வெறும் கை மரத்தின் சொரசொரப்பைத்தான் உணரும். நடுவே துணி இருந்தால் சொரசொரப்பு மறைந்து மேடு மட்டும் கைக்குத் தட்டும்.

நடு மேசையில், பற்றவைத்த காலுக்கு நேர்மேலே கை நின்றது.

"இங்கீங்க."

ஜெசிந்தா முதுகுக்குப் பின்னாலிருந்த கையை எடுத்து அந்த இடத்தைத் தொட்டாள். மெஷினை முதன்முதலாகத் தொட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியேக்கா."

"துணி மேல வைங்க அம்மிணி. அமுக்காதீங்க. கண்ணை மூடுங்க. தூங்கற குழந்தை நெத்தியைத் தொடற மாதிரி."

ஜெசிந்தா கண்ணை மூடினாள். இழுத்தாள். இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி இழுத்தாள். மூன்றாவது முறை அவள் புருவம் உயர்ந்தது.

"இருக்கு" என்றாள்.

துளசிமணி தட்டை அரத்தை எடுத்தாள். நாலு இழுப்பு, பிறகு துணி, பிறகு கை. மறுபடி நாலு இழுப்பு. மேடு பாதியாகக் குறைந்ததும் அரத்தை வைத்துவிட்டுக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றினாள். மரத்துக்கு எப்படியோ அப்படியே இரும்புக்கும். கைக்கு வலித்தது, தோளுக்கு வலித்தது. இருபத்திரண்டு வருஷம் யாருக்காகவோ வலித்த தோள்.

வெயில் சாய்வதற்குள் துணிக்கு அடியில் ஒன்றும் தட்டவில்லை.

"இப்ப ரயிலை வைங்க, இறுக்காதீங்க" என்றாள் ஜெசிந்தா. "பாலத்தை ஏத்துங்க. மெல்லத் தள்ளுங்க. பாலம் எந்த போல்ட்டுகிட்ட நிக்குதோ அந்த போல்ட்டை மட்டும் இறுக்குங்க. அப்புறம் அடுத்தது."

"அளக்க வேண்டாமுங்களா?"

"ஒரு ரயில் நேரா இருந்தா போதும். அதைப் பிடிச்சுட்டு ஓடற பாலமே இன்னொண்ணுக்கு இடம் காட்டும்."

ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கிக்கொண்டே கடைசி முனை வரை போனாள். பாலத்தை இந்த முனைக்குக் கொண்டுவந்தாள். சுண்டுவிரலால் ஒரு தள்ளு தள்ளினாள்.

பாலம் ஓடியது. நடு மேசையைக் கவனிக்காமலே கடந்தது. அந்த முனையில் டங்கென்று மோதி நின்றது.

துளசிமணிக்கு அழவேண்டும்போல் இருந்தது. அழவில்லை. "ரொம்ப வேகமாப் போயிருச்சுங்களோ? முனையில ரப்பர் வைக்கணுமோ?" என்று கவலைப்பட்டாள்.

மறுநாள் காலையில் ரத்தினவேல் வந்தபோது ஜெசிந்தாவும் ஷெட்டில் இருந்தாள். பின்னாலேயே நஞ்சப்பனும் வந்தார். விளக்குமாறு கொண்டுவரவில்லை.

"வாங்க நஞ்சப்பண்ணா, உக்காருங்க" என்றாள் துளசிமணி. அவரை அவள் மொதலாளி என்று கூப்பிடாதது அதுவே முதல் தடவை. அவர் அதைக் கவனித்தார். உட்காரவில்லை.

ரத்தினவேல் பென் டிரைவில் கொண்டுவந்த படம் பம்ப் மூடி ஒன்றின் பேட்டர்ன். இரண்டு பாதியாக வெட்டிச் சேர்க்கவேண்டியது. துளசிமணி படத்தை மெஷினின் பெட்டியில் ஏற்றி, மரத்தை இறுக்கி, ஸ்விட்சைப் போட்டாள். மெஷின் வெட்டிய ஒன்றரை மணி நேரமும் மெஷினைப் பார்க்கவில்லை. கரண்ட் போய்விடுமோ என்று தலைக்கு மேலிருந்த பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்பு அணையவில்லை.

ரத்தினவேல் இரண்டு பாதியையும் எடுத்துத் தூசியை ஊதினார். காலிப்பரால் அளந்தார். பிறகு இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். சுற்றித் திருப்பிப் பார்த்தார். சேர்ந்த கோட்டில் எங்குமே வெளிச்சம் வரவில்லை.

நகத்தால் பக்கவாட்டில் கீறிப் பார்த்தார். நகம் எங்கும் தடுக்கவில்லை.

"உரசுறதுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்குவீங்க?"

"உரசறதில்லீங்க. உரச வேண்டியதை நேத்தே இரும்புல உரசிட்டேன்."

ரத்தினவேல் பேட்டர்னை நஞ்சப்பன் கையில் கொடுத்தார். நஞ்சப்பனும் நகத்தால் கீறினார். ஒருமுறை, இரண்டுமுறை. பிறகு அதை மேசைமேல் வைத்தார்.

"இது என்ன ரயில்?" என்று கேட்டார், தெரிந்துகொண்டே.

"உங்களுக்கு எதுக்குங்க இது?" என்றாள் துளசிமணி.

ரத்தினவேல் பைக்கை எடுக்கும்போது சொன்னார். "திங்கக்கிழமை மிச்சப் படமெல்லாம் குடுத்து விடறேன். உங்களால தனியா முடியுமா?"

"தனியா எதுக்குங்க? உரசத் தெரிஞ்சவங்க இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க. மெஷின் ஓட்டச் சொல்லித் தாரேன்."

எல்லாரும் போன பிறகு ஷெட்டில் குருவும் சிஷ்யையும் மட்டும் இருந்தார்கள். ஜெசிந்தா கதவுக் கீலை ஸ்பானரால் இறுக்கிக்கொண்டிருந்தாள். அது அடிக்கும் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

துளசிமணிக்கு ஒரு கவலை மிச்சமிருந்தது.

"அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"ம்."

"சதுரந்தான் எனக்குச் சரின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"பின்னே ஏனுங்க உருண்டைன்னு சொன்னீங்க?"

"கேக்கற எல்லாருக்கும் அதைத்தான் சொல்றேன்."

"நஞ்சப்பண்ணனுக்கும்?"

"அவருக்கும்."

"அவரு பாவமுங்க. உங்க பேச்சை நம்பி வாங்கிட்டாரு. இப்ப வரிவரியா வெட்டுது. அது தப்பில்லீங்களா?"

ஜெசிந்தா ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"மறுகேள்வி கேக்காம சரின்னு எந்திரிச்சுப் போறவங்களுக்கு, அதுதானக்கா பொருத்தமான ரயில்."